கெட்டிச் சத்தம்

"ஊத்துங்க! நிறுத்தாம ஊத்துங்க!"

உள்ளறையிலிருந்து மனைவி கத்திக்கொண்டிருந்தாள். அவன் நிறுத்தினால்தானே. சமையலறை மூலையில் ஒரே ஒரு டைல்ஸைப் பெயர்த்துவிட்டு, அந்தச் சதுர ஓட்டைக்குள் தண்ணியாகக் கரைத்த சிமெண்டை வாளி வாளியாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். ஓட்டை மடக் மடக்கென்று குடித்தது. எவ்வளவு ஊற்றினாலும் மட்டம் ஏறவில்லை. நசுக்கிய மூட்டைப்பூச்சியின் வாடை மட்டும் ஏறி வந்து மூக்கில் ஒட்டிக்கொண்டது.

கடைசி வாளியைக் கவிழ்த்த அதே நொடியில், சாம்பல் நிறக் குழம்பைக் கிழித்துக்கொண்டு அவை வெளியே வந்தன.

இரண்டு. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்று. சைக்கிள் பம்ப் குழாய் பருமனில், அவன் முழங்கை நீளத்துக்கு. சிமெண்ட் சொட்டச் சொட்ட காற்றில் அப்படியும் இப்படியும் துழாவின.

உணர்கொம்பு!

வாளி எங்கே விழுந்தது என்று அவனுக்குத் தெரியாது. கை தானாகவே பக்கத்தில் நின்ற கேஸ் சிலிண்டரைச் சாய்த்து, உருட்டி, ஓட்டையின் மேல் 'தொம்'மென்று நிறுத்தியது. இன்னும் அடுப்பில் மாட்டாத முழு சிலிண்டர். அடியில் ஏதோ நொறுங்கியது, காய்ந்த ஓலையை மிதித்த மாதிரி. இரண்டு கொம்புகளும் விளிம்பில் நசுங்கி, ஒருமுறை விறைத்து, அடங்கின.

"என்னங்க சத்தம்?"

"சிலிண்டரு. ஒண்ணுமில்ல. நீ குட்டிகூடவே இரு."

சொல்லிவிட்டு அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். தலை இங்கே மாட்டிக்கொண்டது. சமையலறையில். மகள் படுத்திருக்கும் கட்டில் வீட்டின் அந்தக் கோடியில். அந்த ஒரு நினைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் அவனால் மூச்சே விட முடிந்தது.

ஓடிப்போக வழியில்லை. தெருவில் மார்பளவு வெள்ளம், அதிலும் இழுப்பு. ஆறு வயசுக் குட்டிக்கு இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு. பள்ளிக்கூட மாடிப்படியில் விழுந்து தொடை எலும்பு முறிந்து, இப்போதுதான் கூடிவருகிறது. காலையில் வந்த மீட்புப் படகில் தெருவிலுள்ள கிழவர்களும் கைக்குழந்தைகளும் ஏறியதும் இடம் இல்லை. "படுக்க வச்சே தூக்கணும், அடுத்த நடையில பலகையோட வர்றோம்" என்று போனவர்கள், போனவர்கள்தான். வானம் பகலிலேயே அடுப்புக்கரியாக இருண்டுகிடந்தது.

படகு போன கொஞ்ச நேரத்தில்தான் பூரான்கள் வந்தன. சின்னச் சின்னது. டைல்ஸ் இடுக்குகளிலிருந்து பிதுங்கி, சுவரில் ஏறி, ஜன்னல் வழியாக வெளியே. ஜன்னலுக்கு வெளியே வெள்ளம். வெள்ளத்தில் விழுந்தாலும் பரவாயில்லை என்பதுபோல் விழுந்துகொண்டே இருந்தன.

மனைவி செருப்பும் கையுமாக நின்றாள். "ஊருக்கெல்லாம் கெட்டியா டைல்ஸ் போடுவாரு. சொந்த வீட்டுல பொட்டு வச்சு ஒட்டுவாரு. பாருங்க, அடியில குடித்தனமே நடத்திட்டு இருந்திருக்குதுங்க!"

அவள் சொன்னது பொய்யில்லை. பிறர் வீட்டில் கலவையை முழுசாகப் பரப்பி டைல்ஸை அமுக்குகிறவன், தன் வீட்டில் மட்டும், பிறந்த குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்குள் முடிக்கவேண்டுமென்று, நாலு மூலைக்கு நாலு உருண்டை, நடுவில் ஓர் உருண்டை வைத்து ஒட்டிவிட்டான். அப்புறம் கீழே கொட்டிய மண்ணும் இறங்கிவிட, வீடு முழுவதும் தரைக்கடியில் ஒரே சந்து. எங்கே தட்டினாலும் வெறும் பானையைத் தட்டின மாதிரி காலிச் சத்தம்.

பூரான்களைப் பார்த்ததும் அவனுக்கு 'அளப்பு' ஞாபகம் வந்தது. கிணறு தோண்டுகிறவர். வாயைத் திறந்தால் அளப்புதான், அதனால் வேலையிடத்தில் அதுவே பெயராகிவிட்டது. ஒரு பாழுங்கிணற்றின் பக்கச் சுவரில் ராட்சசப் பூரானைப் பார்த்தாராம். முதல் தடவை சொன்னபோது அது கை நீளம். அடுத்த வாரம் ஆள் நீளம். சாப்பாட்டு நேரத்தில் நாலு பேர் கூடிவிட்டால் சாரம் நீளம்.

"அண்ணே, அடுத்த வாரம் அதுக்குப் படிக்கட்டு வச்சு மாடியும் கட்டிருவீங்களா?" என்று சித்தாள் பெண் கேட்டதும் எல்லாரும் உருண்டு சிரித்தார்கள்.

அளப்பு மட்டும் சிரிக்கவில்லை. "சிரிங்க, சிரிங்க. அதுக்கு வெட்டவெளி ஆகாது. உடம்பு நாலு பக்கமும் உரசணும், அப்பத்தான் அசையாமப் படுக்கும். சின்னது ஓடியாந்தா சின்னதைப் பாக்காதீங்க. எதுக்குப் பயந்து ஓடியாருதுன்னு பாருங்க" என்றார். பிறகு அவரே தாங்காமல், "ஒரே தொந்தரவு, அதுல முன்பக்கம் எது பின்பக்கம் எதுன்னே தெரியாது. நம்ம இஞ்சினியர் போட்ட பிளான் மாதிரி" என்று ஒரு போடு போட, அந்தப் பேச்சு அன்றோடு முடிந்தது. இன்று அது ஞாபகம் வந்த பிறகுதான் அவன் மூலை டைல்ஸைப் பெயர்த்து, வீட்டிலிருந்த சிமெண்டைக் கரைத்தான்.

அவன் சிமெண்ட் பூசும் கரணையை எடுத்துக்கொண்டு எழுந்தான். ஊற்றிய சிமெண்ட் எதுவரை போயிருக்கிறது? குட்டியின் கட்டில்வரை போயிருந்தால் அந்தச் சந்து அடைந்த மாதிரி. தலையும் மாட்டியாயிற்று, வழியும் அடைத்தாயிற்று என்றால், படகு வரும்வரை தாக்குப்பிடிக்கலாம்.

மண்டியிட்டு, கரணையின் மரப்பிடியால் தட்டினான்.

டப்.

கெட்டி! சமையலறையில் இத்தனை வருஷமாக அவன் கேட்காத சத்தம். அடுத்தது. டப். அதற்கடுத்தது. டப். தவழ்ந்துகொண்டே கூடத்துக்கு வந்தான். கூடத்தின் நடுவிலும் கெட்டி. டீவிக்குக் கீழே கெட்டி. ஓரத்தில் மட்டும் காலி, நடுவில் ஆற்றுப்போக்கு மாதிரி வளைந்து வளைந்து ஒரே கெட்டி. உள்ளறை வாசற்படியைத் தாண்டி, கட்டில் காலுக்குப் பக்கத்தில் தட்டினான்.

டப்.

"கெட்டிம்மா! இங்கவரைக்கும் கெட்டி!"

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள். குட்டி கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்பா, நானும் தட்றேன்" என்றாள்.

"உனக்குக் கால் சரியானதும் இந்த வீட்டையே தட்டலாம்டி தங்கம்."

"எப்படியோ போங்க," மனைவி கண்ணைத் துடைத்தாள். "ஒரு மூட்டை சிமெண்ட்லயா இவ்வளவும் நிரம்புச்சு?"

அவன் கை நின்றது.

ஒரு மூட்டை. சமையலறைக்கே காணாது. பதினெட்டு வயசிலிருந்து செய்கிற தொழில். இந்தக் கணக்கு அவனுக்குத் தெரியாமல் போகுமா? தெரிந்திருந்தும் காது சொன்னதை நம்பிவிட்டான்.

"தோ வந்துட்டேன்" என்றான்.

பின்வாசல் கதவைத் திறந்தான். மேல்படியை வெள்ளம் நக்கிக்கொண்டிருந்தது. கலங்கல் நீர். அதில், படிக்கு அடியிலிருந்து, வெளிறிய சாம்பல் கோடு ஒன்று புகைபோலக் கசிந்து, இழுப்போடு நெளிந்து போய்க்கொண்டிருந்தது. அவன் ஊற்றிய சிமெண்ட். அத்தனை வாளியும். ஏதோ ஒன்று இடம் கொடுக்காமல் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

அப்படியானால் அந்தக் கெட்டிச் சத்தம்.

சமையலறையிலிருந்து. கூடம் வழியாக. உள்ளறைவரை.

நாலு பக்கமும் உரச, அசையாமல்.

அவன் கதவை மெதுவாகச் சாத்தினான். கத்தக்கூடாது. ஓடக்கூடாது. தலை இங்கேதான் இருக்கிறது. எவ்வளவு நீளமானாலும் கடிப்பது தலைதான். அது சிலிண்டருக்கு அடியில். குட்டியை மெத்தையோடு தூக்கிச் சாப்பாட்டு மேஜைமேல் ஏற்றிவிடலாம். மனைவி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். சத்தமில்லாமல். முடியும்.

"என்னங்க," மனைவியின் குரல் தாழ்ந்து வந்தது. "அந்த வாடை இங்க வருது."

"குட்டியை அசைக்காத. வர்றேன்."

"அப்பா!" குட்டி சிரித்தாள். "நீங்க தட்றது என் கட்டிலுக்குக் கீழ கேக்குதே!"

அவன் தட்டவில்லை.

கரணை கூடத்தில் கிடந்தது. பார்த்தான். கிடந்த இடத்திலேயே கிடந்தது.

டப்.

உள்ளறையிலிருந்து. டைல்ஸின் அடிப்பக்கத்திலிருந்து.

இல்லை. தலை இங்கே. இங்கே. அவன் தடுமாறி சிலிண்டர் அருகே விழுந்தான். இருக்கின்றன. இரண்டும் இருக்கின்றன, நசுங்கியபடி, விளிம்பில். மேலிருந்த சிமெண்ட் வழிந்து, செம்மஞ்சளாகப் பளபளத்தன. அலமாரியிலிருந்த டார்ச்சை எடுத்துக் கிட்டே கொண்டுபோனான்.

டப். டப்.

"அப்பா, டைல்ஸு தூக்குது..."

உணர்கொம்பு நுனிக்குப் போகப்போக நூலாக மெலியும். சின்னப் பூரானில் எத்தனை தடவை பார்த்திருக்கிறான். இவை மெலியவில்லை. கணுக்கணுவாகத் தடித்து, ஒவ்வொன்றின் நுனியிலும், அவன் கட்டைவிரல் அளவுக்கு, கறுப்பாக வளைந்த ஒரு நகம் இருந்தது.

கால்கள். கடைசி ஜோடிக் கால்கள்.

அவன் பிடித்துவைத்திருந்தது வாலை.