சூளைக்குள் ஒரு நீலக்கால்!

"ஐயோ... கொலை! கொலை!"

பீங்கான் பட்டறைக்காரி அமிர்தம் அலறிய அலறலில், பட்டறைக் கூரையில் இருந்த புறா ஒன்று எழும்பி, வேப்பூரில்தான் போய் இறங்கியது. வழியில் எந்த ஸ்டாப்பிங்கிலும் நிற்கவில்லை!

சப்-இன்ஸ்பெக்டர் அன்புக்கரசி ஜீப்பிலிருந்து குதித்தாள். விருத்தாசலத்துக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து ஆடு திருட்டு, வாய்க்கால் தகராறு... கடைசியில் ஒரு கொலை! மனசுக்குள் மத்தாப்பு. முகத்தில் மட்டும் துக்கம்.

"எங்க பாடி?"

"பாடி இல்லீங்க மேடம்... காலு மட்டுந்தான் இருக்குது!"

ஆறிப்போன சூளைக்குள் டார்ச் அடித்தாள். பொம்மைகளுக்குப் பின்னால்... ஒரு குழந்தையின் கால். ஐந்து குட்டி விரல்கள்.

நீல நிறம்!

"யாரு மேல சந்தேகம்?"

"சூள அடுக்க புதுசா வந்த பாவாடைங்கிற ஆளு மேலதாங்க! முந்தாநாள் காலைல போன்ல, 'கால வெட்டித்தான் ஆவணுமா?'ன்னு கேட்டாரு. அடுக்கி முடிச்சதும் பாண்டிச்சேரிக்கு பஸ்ஸு ஏறிட்டாரு!"

ஏட்டு காஸ்பர் லத்தியை நீட்டி, காலைத் தொட்டார்.

ணங்!

இன்னொரு தட்டு.

ணங்!

"மேடம்... இது டீ கப்புக்குப் பங்காளிங்க. பீங்கான்!"

மத்தாப்பு நமுத்துப் போனது. அமிர்தத்தை ஒரு முறை முறைத்துவிட்டு, பாவாடைக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில்.

"யோவ் பாவாடை! எஸ்.ஐ. பேசுறேன். சூளைக்குள்ள இருக்குதே, யாரு காலுய்யா இது?"

"எம் பொண்ணு இனியா காலுங்க மேடம்..."

காஸ்பர் காலைத் தட்டிய லத்தியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"பாண்டிச்சேரி ஆஸ்பத்திரில இருக்கா. காய்ச்சல் வந்து இதயம் கெட்டுப்போச்சுங்க. இப்ப இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலா மிஷின்தான் ஓடுது. தொடை ரத்தக்குழாய்ல ட்யூப் விட்டாங்க. புள்ள குழாயி சின்னது... ட்யூபே அதை அடைச்சிக்கிச்சு. கீழ ரத்தம் போவல. காலு சில்லுன்னு நீலமாயிடுச்சு!"

"அப்புறம்?"

"காலுக்குன்னு தனியா ஒரு குட்டி ட்யூப் போட்டிருக்காங்க. ரத்தம் எறங்கினா காலு. எறங்கலன்னா... வெட்டணும்னாங்க. கொளஞ்சியப்பருக்குக் காலு செஞ்சு வெக்கிறேன்னு வேண்டிக்கிட்டேங்க."

அன்புக்கரசியின் போலீஸ் குரல் எங்கோ போய்விட்டது.

"சரிண்ணே... சாமிக்கு வைக்கிற கால ஏன் நீலமா செஞ்சீங்க?"

"நீலமா?! ரோஸ் கலருங்க! அலமாரில இருந்த ரோஸ் பொடியத்தான் கரைச்சுப் பூசுனேன்!"

அமிர்தம் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடப்பாவி! அது உள்ள போவும்போதுதான்யா ரோஸு. வெந்து வந்தா நீலம்!"

மறுமுனையில் ஒரு விசும்பல்.

"அப்ப... சாமியே சொல்லிடுச்சா? எம் பொண்ணு காலு..."

"யோவ், அது பொடி செஞ்ச வேலய்யா! சாமி மேல போடாத!" என்று அமிர்தம் போனுக்குள் கத்தினாள்.

அதற்குள் யாரோ ஓடும் காலடிச் சத்தம். ஒரு பெண் குரல்... "பாவாடை சார்! உடனே உள்ள வாங்க!"

அன்புக்கரசி பீங்கான் காலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். எப்போது எடுத்தாள்? அவளுக்கே தெரியாது.

போனில்... விஷ்க்... விஷ்க்... விஷ்க்...

"என்ன சத்தம்ண்ணே?"

"ரத்தங்க மேடம்! எம் பொண்ணு காலுக்குள்ள ரத்தம் ஓடுற சத்தங்க! மிஷின வெச்சுக் கேக்குறாங்க! காலு சுடுது! வெரலு ரோஸாயிடுச்சு! வெட்ட வேணாம்னுட்டாங்க! டாக்டரம்மா உள்ளங்கால்ல கிச்சுகிச்சு மூட்டுனாங்க... கட்டவெரல ஆட்டுறா மேடம்!"

அமிர்தம் மறுபடி அலறினாள். இந்த முறை சந்தோஷத்தில். வேப்பூர்ப் புறா சேத்தியாத்தோப்புக்கு வண்டி மாறியிருக்கும்!

அன்புக்கரசி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொப்பியைச் சரி செய்தாள்.

"என்ன காஸ்பர்... இருந்த ஒரு கொலை கேஸும் போச்சே!"

"கவலப்படாதீங்க மேடம்! டூட்டில இருந்த டாக்டரம்மாவை வெரல ஆட்டி மிரட்டினதா இனியா மேல ஒரு கேஸு போட்டுறலாம்... என்ன, காலு வெரலு!"