நாற்பத்தொரு கதவு

காலை ஒன்பது மணிக்கு நான் இதழின் வரவு மேசையில் உட்காருவேன். வந்து சேர்வதை வகை பிரிப்பது என் வேலை. ஆய்வுக் கட்டுரை, மீளாய்வு, குறுங்கட்டுரை, தரவுக் குறிப்பு, மறுப்பு, பிழைதிருத்தம், அஞ்சலிக் குறிப்பு என்று எங்கள் புவி அறிவியல் இதழ் ஏற்பது ஏழு வகை. எட்டாவது என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது. படிப்பதையும் தீர்ப்புச் சொல்வதையும் பதிப்பறிவு பார்த்துக்கொள்ளும். அது ஒரு மென்பொருள். டீ குடிக்கப் போகாது, தலைவலி என்று லீவு போடாது. பாறைத் துண்டும் மண் மாதிரியும் வரும் பெட்டிகளைப் பிரிக்க மட்டும் அதற்குக் கை இல்லை. அதனால் நான் இருக்கிறேன்.

வைகாசி கடைசியில் ஒரு நாள் சாக்கு மூட்டை ஒன்று வந்தது. பிரித்தால் மரச்சீவல். தச்சர்கள் இழைப்புளியைத் தள்ளும்போது சுருண்டு விழுமே, அதேதான். காகிதப் பொட்டலங்கள் நாற்பத்தொன்று, ஒவ்வொன்றிலும் பென்சிலில் ஒரு வீட்டு எண்ணும் தேதியும். முகவரி தப்பி வந்துவிட்டது என்று நினைத்தேன். படம் எடுத்துப் பதிப்பறிவுக்குக் காட்டினேன். "உயிரியல் பொருள். வகை இல்லை. திருப்பி அனுப்பவும்" என்றது.

திருப்பி அனுப்ப ஆள் எதிரிலேயே நின்றிருந்தார். ஐம்பது வயது, காதில் பென்சில். பெயர் சூசைநாதன், ஊசிப்பாறை எஸ்டேட் லைன் வீடுகளுக்குத் தச்சர். மலையிலிருந்து இரண்டு பஸ் மாறி மூட்டையைத் தானே தூக்கி வந்திருக்கிறார்.

"மாசி மாசத்துல இருந்து கதவு மாட்டுது, கதவு மாட்டுதுன்னு வீட்டுக்கு வீடு கூப்பிட்டாங்க மேடம். போய்ப் போய் இழைச்சேன். நாப்பத்திமூணு வீட்டுல நாப்பத்தியொண்ணு முடிச்சாச்சு."

"மழைக்கு மரம் ஊதியிருக்கும்."

"மாசியில ஏதுங்க மழை? அப்படி ஊதுனாலும் சுத்தியும்ல மாட்டும்? எல்லாக் கதவும் ஒரே மூலைதான். பள்ளத்துப் பக்கம், மேல் மூலை. முதல்ல ஒரு நூல், அதாவது அரைக்கால் இஞ்சு, எடுத்தேன். போன வாரம் அதே கதவுல மூணு நூல் எடுத்தேன். கதவுல கோளாறு இல்ல மேடம். வீடு சாயுது."

மலையில் நட்ட நிலவுணரிக் கம்பங்கள் காட்டும் திரையைத் திறந்து பார்த்தேன். ஊசிப்பாறை பச்சையாக, சாதுவாக இருந்தது.

"அந்தக் கம்பமெல்லாம் பாறையில நட்டது. எங்க வீடு பாறை மேல கெடக்கிற மண்ணுல நிக்குது. பாறை நகரலைன்னு அது சொல்லுது, சரிதான். எங்களைப் பத்தி அதுகிட்ட யார் கேட்டா?" என்றார் சூசைநாதன். "ஒம்போது நாள்ல மழை இறங்கும்னு ரேடியோவுல சொல்றான். ஏழாம் நம்பர் வீட்டுல என் தங்கச்சி லூர்து இருக்கா. பக்கத்து வீட்டுல கைப்பிள்ளை. பஸ் அனுப்பச் சொல்லுங்க."

பஸ் அனுப்புவது யார் கையிலும் இல்லை. போனில் பரவிய வதந்திகளை நம்பி ஊர் ஊராக ஓடி, ஓட்டத்திலேயே பலர் மிதிபட்டுச் செத்த பிறகு வந்தது இதழ்ச் சட்டம். நிலத்தைப் பற்றி இதழில் வந்தது மட்டுமே உண்மை, வராதது வதந்தி. வதந்தியைக் கேட்டு வீட்டைக் காலி செய்தால் அந்த வீடு பறிபோகும். இதழில் வந்துவிட்டாலோ வெளியேற்ற இயந்திரம் அதே நொடியில் பஸ்ஸை எடுத்துவிடும். எந்த வகையில் வந்தது என்றுகூட அது பார்க்காது.

எனவே வகையைத் தேடினோம். ஆய்வுக் கட்டுரைக்கு நூற்றெண்பது நாள். குறுங்கட்டுரைக்கு நாற்பது. இந்த இரண்டுக்கும் தரவுக் குறிப்புக்கும் உணரி எண் வேண்டும். இழைப்புளிக்கு எண் கிடையாது. மீளாய்வு, மறுப்பு, பிழைதிருத்தம் என்றால் முதலில் யாராவது ஏதாவது எழுதியிருக்க வேண்டும். ஊசிப்பாறையைப் பற்றி இதுவரை ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை.

"இது என்ன மேடம், பட்டியல்ல கடைசியில இருக்கே?"

"அஞ்சலிக் குறிப்பு. புவி அறிவியலுக்கு உழைத்தவர் இறந்தால் போடுவது. அன்றைக்கே வெளியாகும். அதில் எழுதுவதைச் சரிபார்ப்பதில்லை."

ஆய்வாளர்கள் பொய்யாகச் சாக மாட்டார்கள் என்று சட்டம் எழுதியவர்கள் நம்பினார்கள் போல.

"அப்ப அதுல கதவுக் கணக்கை எழுதிடலாமே."

"செத்தவர் வேண்டும். குடிமக்கள் எண் பொருந்த வேண்டும். ஏற்கெனவே செத்தவர் எண் செல்லாது."

அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்துத் திரும்பவும் செருகிக்கொண்டார். "என் நம்பரைப் போடுங்க."

என் எண்ணைப் போடலாமா என்று நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. வாரக் கடைசியில் பிழைதிருத்தம் போட்டு அவரை எழுப்பிவிடலாம் என்று நினைத்தேன், அவரிடமும் அப்படியே சொன்னேன். பிழைதிருத்த விதிகளை அன்று நான் படித்துப் பார்க்கவில்லை. பத்தொன்பது வருடம் அந்த மேசையில் உட்கார்ந்தவள் செய்கிற தவறா இது?

'ஊசிப்பாறைச் சரிவின் மண்நகர்வை நாற்பத்தொரு கதவுகளில் அளந்த திரு. சூசைநாதன் இன்று காலமானார்' என்று ஆரம்பித்து, நூலை மில்லிமீட்டராக்கி, வீடு வீடாக எழுதினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து எண்களைத் திருத்தினார். பதினோரு மணிக்கு வெளியானது. பத்து நிமிடத்தில் பஸ்கள் கிளம்பிய செய்தி வந்தது. இரண்டு பேரும் கை தட்டினோம்.

ஊர்க்காரர்களோடு சேர்ந்துகொள்ள அவர் பஸ் ஏறப் போனார். பஸ் வாசலில் இருந்த முகங்காணிக் கருவி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "இப்படி ஒருவர் இல்லை" என்றது. ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் அதே பதில். போன் அணைந்துவிட்டது.

சனிக்கிழமை பிழைதிருத்தம் போட உட்கார்ந்தேன். பதிப்பறிவு நிதானமாக விளக்கியது: "ஒரு வரி பிழையானால் குறிப்பு முழுவதும் மறுபரிசீலனைக்குப் போகும். நூற்றெண்பது நாள். அதுவரை வெளியேற்றம் செல்லாது. குடியிருப்போர் திரும்பிச் செல்ல வேண்டும்."

"அவர் உயிரோடு இருக்கிறார். என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார்."

"அது இதழில் வரவில்லை."

"வேறு வழி?"

"குறிப்பிட்ட நிகழ்வு நடந்துவிட்டால் குறிப்பு உறுதிப்படும். உறுதிப்பட்ட பின் 'காலமானார்' என்ற வரியை மட்டும் திருத்தலாம்."

நிகழ்வு என்றால் மலை சரிவது. எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்குப் புரியவைக்க அரைமணி நேரம் ஆனது.

மழை இறங்கியது, ஆனால் தூறலாகவே இறங்கியது. மலை நின்றது. முகாமில் தகரக் கூரைக்கடியில் நாற்பத்துமூன்று குடும்பமும் எங்களைத் திட்டின. லூர்து என்னை நேரில் தேடி வந்து சண்டை போட்டாள். "எங்கண்ணன் செத்தவன் கணக்கா சந்து பொந்துல அலையிறான். எங்க வீடெல்லாம் அங்க கல்லு மாதிரி நிக்குது. ரெண்டுல எது மேடம் நெசம்? நாங்க திரும்பிப் போயிடறோம், அவனை எழுப்பி விடுங்க." பிழைதிருத்தத்துக்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். கையைப் பொத்தான் வரை கொண்டுபோனேன். அந்தக் கைப்பிள்ளை நினைவுக்கு வந்தது. கையை எடுத்துவிட்டேன்.

இப்போது ஐப்பசி. செவ்வாய்க்கிழமை தோறும் சூசைநாதன் நடந்தே வருகிறார். என் சாப்பாட்டில் பாதியைச் சாப்பிடுகிறார். எங்கள் அலுவலகக் கதவு ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது, அதைச் சரிசெய்து கொடுத்தார். மலையில் கனமழை எச்சரிக்கை வரும் நாட்களில் இரண்டு பேரும் திரை முன்னால் உட்கார்ந்திருப்போம். எதை வேண்டிக்கொள்வதென்று எனக்குத் தெரியவில்லை. வீடுகள் எல்லாம் காலி, விழுந்தாலும் உயிர்ச்சேதம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அதில் ஒரு வீடு அவருடையது, கூரை அவர் கையால் போட்டது.

நேற்றும் வந்தார். தலையெல்லாம் நனைந்திருந்தது.

"இன்னைக்கும் நிக்குதுங்களா மேடம்?"

"நிற்கிறது."

"நல்லதுங்க" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்தபடி கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நல்லதுதானுங்களே மேடம்?"