வட்டை அழித்து நிறுவவா?

மடிக்கணினியில் புதிதாக நிறுவிய லினக்ஸ் இயங்குதளம் வழியே, தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து அழைத்த தம்பி மெலிஸ் முதலில் கேட்டது, பக்கத்தில் யார் என்றுதான். யாருமில்லை என்றாள் அக்கா பூருல். அவள் இருந்த மலையூரான நாரினில் பிற்பகல் மூன்று மணி. வெளியே பனி விடாமல் விழுந்துகொண்டிருந்தது. வெப்பக் குழாய்க்குள் தண்ணீர் உருளும் ஓசையும், அடுப்பில் ஆறிக்கொண்டிருந்த ஆட்டிறைச்சிச் சாற்றின் கொழுப்பு வாடையும் தவிர, அந்த இரண்டு அறை வீட்டில் அவளுக்குத் துணை எதுவுமில்லை.

மடிக்கணினி அவள் கணவன் ஜோல்தோஷுடையது. அவன் இறந்துபோய்ப் பதினோரு மாதமாகிறது. பழைய விண்டோஸ் திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். திங்கள் முதல் வீட்டிலிருந்தே ஒரு கம்பெனியின் தொலைபேசி அழைப்புகளை எடுக்கும் வேலை. அதற்கு இது ஓடியாக வேண்டும். காலையிலிருந்து மெலிஸ் போனில் சொல்லச் சொல்ல லினக்ஸைப் பதிவிறக்கினாள், பென் டிரைவில் ஏற்றினாள், கணினியை அதிலிருந்தே துவக்கினாள்.

“கம்ப்யூட்டரைத் தொட்டாலே ஷாக் அடிக்கும்னு ஓடுவியே, நீயா இது?” என்று அவன் சிரித்திருந்தான்.

கணினியின் வட்டை முழுவதும் அழித்து நிறுவவா என்று திரை கேட்டபோது மட்டும் அவள் கை நின்றது. ஜோல்தோஷின் படங்களும், கடைசி மாதத்தில் அவன் பேசிப் பதிந்துவைத்த, அவள் ஒருமுறைகூடக் கேட்காத ஒலிப்பதிவுகளும் அதில் இருந்தன. சுரங்கத்தின் நிலக்கரித் தூசி நெஞ்சை அடைத்து, இந்த அறையில்தான் இரண்டு மாதம், ஒவ்வொரு மூச்சும் நடுவில் தடுக்க, மூச்சிரைத்துக் கிடந்தான். கடைசி நாள் அந்தச் சத்தம் தாங்காமல் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வானொலியைப் பெரிதாக வைத்தாள். வெளியே வந்தபோது சத்தம் நின்றிருந்தது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

‘ஆம்’ என்பதை அழுத்தினாள். எல்லாம் அழிந்து முடியும்வரை நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது.

“டிவி ஓடுதா அக்கா?” என்றான் மெலிஸ் இப்போது.

“இல்லையே.”

“யாரோ மூச்சிரைக்கிற மாதிரி கேக்குது. மைக்குக்கு ரொம்பக் கிட்ட.”

மைக்கில் எவ்வளவு சத்தம் விழுகிறது என்று காட்டும் பச்சைக் கோட்டைத் திறந்து பார்த்தாள். கோடு ஏறியது, நடுவில் ஒருமுறை தடுக்கி, மெல்ல இறங்கியது. மறுபடி ஏறியது. அந்தத் தடுக்கல் அவளுக்குத் தெரியும்.

அவளுடைய மூச்சாகத்தான் இருக்கும், கொஞ்சம் அடக்கிப் பார் என்றான் அவன். மூச்சை அடக்கி வாயைப் பொத்திக்கொண்டாள்.

கோடு ஏறியது. தடுக்கியது. இறங்கியது.

“நீதானே அது?” மெலிஸின் குரல் மாறியிருந்தது. “சொல்லுக்கா. நீதானே?”

இணைப்பு அறுந்தது.

குழாயில் தண்ணீரும் நின்றுபோயிற்று. காதுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. கோடு மட்டும் உயர்ந்தது. முன்பைவிட உயரமாக. பிறகு இன்னும். மஞ்சள். சிவப்பு.

கிட்டே வருகிறது.

கரி வாடை. பிடரியில் ஈரம். அவள் திரும்பவில்லை. மூச்சு விடவுமில்லை, வாயைப் பொத்திய கையை எடுக்கவுமில்லை.

அவள் முகத்துக்கு நேரே, திரைக் கண்ணாடியில் ஆவி படர்ந்தது. சுருங்கியது. மறுபடி படர்ந்தது.