ஆறரை அடி ஓடர்

"உந்தக் கொம்பியூட்டர் நான் எப்ப சாவன் எண்டும் சொல்லுமோ, சூசை?"

போன கிழமை ஸ்ரனிஸ்லஸ் மனைவியிடம் கேட்ட கேள்வி அது. கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

இப்போது அவர் சிரிக்கவில்லை.

அவருடைய சவப்பெட்டிப் பட்டறையின் சீமெந்துத் தரையில், மரச்சுருள்களுக்கு நடுவே, அந்த நெடிய உடம்பு மல்லாந்து கிடந்தது. பக்கத்தில் உடைந்த கோப்பை. வெளியே மாரி மழை. வவுனியா முழுவதும் ஈரம்!

"கோப்பையிலை கறையான் மருந்து மணக்குது," என்று நிமிர்ந்தார் இன்ஸ்பெக்டர் சிவராசா. "காலமைத் தேத்தண்ணி ஊத்தினது ஆர்?"

"மாமிதான் சேர்!"

பதில் பாய்ந்து வந்தது. சொன்னவன் மரியநேசன். செத்தவரின் தங்கை மகன். தொழிற்சாலைக்குத் திட்டம் போடும் மென்பொருளோடு கொழும்பிலிருந்து வந்து மனேச்சர் ஆனவன். கழுத்தில் டை. மரத்தூள் படாத சப்பாத்து.

சூசையம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். முல்லைத்தீவுக் கரையில் சுறா அறுத்த கை அவளுடையது.

"ஊத்தினது நான். கொண்டுபோய்க் குடுத்தது நீ."

"நான் தொடவே இல்லை! மாமி பொய் சொல்லுறா, சேர்."

"கண்ட ஆள் ஆரும் இருக்கோ, அம்மா?"

யாருமில்லை.

"அப்ப ஜீப்பிலை ஏறுங்கோ."

அது போர்க்காலம். அந்த நாட்களில் ஜீப்பில் ஏறியவர்கள் திரும்பி வருவதற்கு அந்தோனியார்கூட உத்தரவாதம் தரமாட்டார்!

"ஏறுறன். என்ர மனுசனை எதிலை வைக்கிறது?"

நேசன் விரலைச் சொடுக்கினான். இரண்டு தச்சர்கள் உள்ளேயிருந்து ஒரு பெட்டியைத் தூக்கி வந்து வைத்தார்கள். மினுங்கும் வார்னிஷ். வெள்ளிச் சிலுவை.

"ஆறரை அடி, சேர்! காத்திருக்க வைக்கிறதும் ஒரு கழிவு, வீண் செலவு எண்டதுதான் எங்கடை முறை."

சூசையம்மா அழுதபடி பெட்டியைத் தடவினாள்.

தடவிய கை நின்றது...

உள்ளங்கையைப் பார்த்தாள். ஒட்டவில்லை!

அழுகையும் நின்றது.

"தம்பி நேசன், உந்த முறையை ஐயாவுக்கு விளங்கச் சொல்லன். எனக்குப் படிப்பில்லை."

நேசனின் நெஞ்சு நிமிர்ந்தது. மேசையிலிருந்த கொம்பியூட்டரைச் செல்லமாகத் தட்டினான்.

"ஜப்பான்காரன் கார் செய்யிற முறை, சேர். மாமா முந்திப் பெட்டிகளை அடிச்சு அடுக்கி வைப்பார். வீண் பலகை, வீண் இடம். இப்ப ஆள் செத்து ஓடர் வந்தாத்தான் இது திட்டம் போடும். பலகை, ஆணி, வேலையாள் எல்லாம் இதுவே சொல்லும். முன்கூட்டி ஒண்டும் செய்யிறேல்லை!"

"ஓம் ஓம், திறமான சாமான். பலகை லொறி சோதனைச் சாவடியிலை மறிபட்டு நிக்கேக்கையும் 'பலகை வந்திட்டுது' எண்டு சொல்லும். ஜப்பானிலை சாவடி இல்லைப் போல."

இன்ஸ்பெக்டரின் மீசை துடித்தது.

"அதாலைதான் மாமன் உன்னையும் உந்தக் கொம்பியூட்டரையும் ஒரே லொறியிலை கொழும்புக்கு ஏத்திவிட இருந்தவர். இல்லையோ?"

"அது... அது குடும்பக் கதை, மாமி."

"சரி, பெட்டிக் கதையைச் சொல்லு. இந்த மழைக்கு வார்னிஷ் ஒரு பகலிலை காயாது. இது நல்லாக் காய்ஞ்சிருக்கு. என்ர மனுசன் விழுந்தது இண்டைக்குக் காலமை." அவள் குரல் உயர்ந்தது. "செத்தாத்தானே ஓடர்? நேற்று ஓடர் தந்த பிணம் எது?"

நேசன் டையைத் தளர்த்தினான்.

"அது... முந்திச் செய்து கிடந்தது..."

"கிடந்ததோ! ஓடர் இல்லாமல் ஒரு பெட்டி அடிச்சதுக்கெல்லே தச்சன் ஐயாத்துரையை வேலையாலை நிப்பாட்டினனீ!"

"இல்லை சேர்! செட்டிகுளத்து ஓடர். அங்கை ஒரு நெட்டையன்..."

"ஓம் ஐயா," என்றார் தச்சர்களில் ஒருவர். "எங்களுக்கும் நேற்று அப்படித்தான் சொன்னவர்."

நேசன் மூச்சு விட்டான்.

இன்ஸ்பெக்டர் விடவில்லை.

"அப்ப அந்த நெட்டையனை எதிலை புதைக்கிறது? மாமனுக்காக அவரைப் பாயிலை கிடத்திப்போட்டீரோ?"

இன்ஸ்பெக்டர் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார்.

"செத்த நெட்டையன்ர பேரைச் சொல்லும். இப்பவே ஆள் அனுப்பிக் கேக்கிறன்."

நேசன் கொம்பியூட்டரைப் பார்த்தான். அது கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் பேர் தெரியாது!

சூசையம்மா குனிந்து கணவனின் கண்களை மூடினாள்.

"கேட்டனீங்கள் எல்லே? உந்தக் கொம்பியூட்டர் சொல்லியிருக்குது. ஒரு நாள் முந்தியே!"

விலங்கு பூட்டப்பட்டது. மழையில் டை நனைய, மரியநேசன் ஒரு சொல்லும் சொல்லாமல் ஜீப்பில் ஏறிப் போனான்.

வீண் பேச்சும் ஒரு கழிவுதானே!