மூன்று தட்டு

பல்லடம் எல்லைப் பட்டறைக்குள் நுழைகிற எந்த வண்டியும் தன் குறையைத் தானே எல்லை வாரியத்துக்குச் சொல்லிவிடும். அப்புறம்தான் ஓட்டி வந்தவர் வாயைத் திறக்க வேண்டும். அன்று காலை வந்த பழைய பெட்ரோல் கார் சொன்னது: பி 0328, தட்டல் உணரியில் மிகைச் சமிக்ஞை. அதாவது, இன்ஜின் தட்டுகிற அதிர்வைப் பிடிக்கிற கருவியில் அளவுக்கு மீறிய துடிப்பு. பத்து நிமிடத்துக்குள் காரணத்தைப் பதிவது மெக்கானிக் லோகநாயகியின் வேலை. பதிந்தால்தான் வெளிக்கதவு திறக்கும்.

"இன்ஜின் தட்டுதுங்களா?" என்று கேட்டாள்.

"இல்லீங்க்கா. ஒயர் லூசா இருக்கும். அப்படியே போட்டு அனுப்பி வுட்ருங்க," என்றான் காரை ஓட்டி வந்த துரைக்கண்ணு. சுட்டுப்போட்டாலும் வண்டி வேலை வராத கை அது. நகத்தில் ஒரு பொட்டு கிரீஸ் இல்லை. இவனுக்கு ஒயர் லூஸ் என்று யார் சொல்லிக்கொடுத்தது?

அவளுக்குச் சுருக்கென்றது. தண்ணீர் தீர்ந்த வறள் மாவட்டத்துக்காரர்கள் ஆற்று மாவட்டத்துக்குள் வரக்கூடாது என்று சட்டம் வந்து ஆறு வருடம். ஆளை ஒளித்துக் கொண்டுவருகிற வண்டிகளைப் பிடிக்க வாரியம் பட்டறைகளைத்தான் நம்பியிருந்தது. பட்டறைகளையும் முழுதாக நம்பாமல் வேஷம் போட்ட சோதனையாட்களை அனுப்பியது. போன மாதம் பக்கத்துப் பட்டறை சண்முகவடிவு அப்படி ஒருத்தனுக்கு இரக்கப்பட்டாள். மறுநாளே குடும்பத்தோடு அவளை வறள் பக்கம் தள்ளிவிட்டார்கள். லோகநாயகிக்கும் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். இவனும் அப்படி ஒரு சோதனையாள்தான், போயும் போயும் என்னிடமா நாடகம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கனெக்டர் இறுக்கமாக இருந்தது. ஒயரிலும் பழுதில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான், உணரிக்குப் பக்கத்தில் ஸ்பேனரால் மூன்று தட்டுத் தட்டினாள். திரையில் மூன்று கோடுகள் எழும்பின. உணரி நன்றாகத்தான் இருக்கிறது.

ஸ்பேனரை விலக்கிய பிறகு, இன்னும் மூன்று கோடுகள் எழும்பின.

துரைக்கண்ணுவின் முகம் வெளிறியது. "அக்கா... என்ற சம்சாரமுங்க. ஊர் சேந்ததும் மூணு தட்டுத் தட்டறேன், நீயும் தட்டுன்னு நாந்தான் சொல்லியிருந்தேன். நீங்க தட்டுனதும் நான்னு நெனச்சுட்டா. உங்க காலப் புடிச்சுக்கறேங்க."

அடேயப்பா, கண்ணீரைக்கூடத் தயாராக வைத்திருக்கிறான்! லோகநாயகி 'ஆள் உள்ளே' என்ற பொத்தானை அழுத்தினாள். இரண்டு கதவுகளும் பூட்டிக்கொண்டன. காவல் வண்டி வர நான்கு நிமிடம் என்றது திரை.

"என்னங்க சார், நான் பாஸ்தானுங்களே? வாரியத்து அட்டைய எடுங்க," என்று சிரித்தாள்.

அவன் அட்டை எதையும் எடுக்கவில்லை. டேஷ்போர்டுக்குக் கீழே பாய்ந்து, வெறுங்கையாலேயே தகட்டைப் பிய்க்கத் தொடங்கினான். விரல் கிழிந்தும் நிறுத்தவில்லை. லோகநாயகி பொத்தானிடம் ஓடினாள். ஐயோ, என்ன காரியம் பண்ணிவிட்டேன்! பொத்தானை மறுபடி மறுபடி அழுத்தினாள். அழுத்தியதைத் திரும்ப எடுக்க அதில் வழி வைத்திருக்கவில்லை.

தகடு விலகியது. வியர்வையில் ஊறிய ஒரு பெண் மடங்கிய காலோடு தவழ்ந்து வெளியே வந்தாள். எதிரே நின்ற லோகநாயகியின் கையில் ஸ்பேனரைப் பார்த்ததும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான் தட்டுனீங்களாக்கா? நல்லா இருப்பீங்க. குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க."