அடி அண்ணாமலையில் ஒரு பீங்கான் கொலை

வாடகை வீட்டில் இருப்பவனுக்கு முதுகெலும்பு கிடையாது.

இது அறிவுச்செல்வன் கண்டறிந்து உலகுக்கு அளித்த உண்மை. வீட்டுக்காரர் படியேறும் சத்தம் கேட்டதும் வளைவதற்கென்றே வாடகைக்காரனுக்கு இயற்கை ஒரு ரப்பர் தண்டைப் பொருத்தி அனுப்பியிருக்கிறது. வளைந்து வளைந்து சேர்ந்த ஆத்திரத்தில்தான் அவன் காலி செய்யும்போது எதையாவது உடைத்துவிட்டுப் போகிறான். வேங்கிக்காலில் தாய்மாமன் கண்ணாயிரத்தின் வீட்டில், மாமி சுட்ட நான்காவது தோசையைப் பிய்த்தபடி, துளிச் சிரிப்பும் இல்லாமல் இதை அவன் அறிவித்தான்.

அறிவு சிவில் என்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு. மாமா வீட்டு மாடியறையிலும் அதே மூன்றாம் ஆண்டு. வாடகை என்று ஒன்றை வாழ்நாளில் கொடுத்ததில்லை. ஆகவே அதைப் பற்றித் தெளிவான கருத்துகள் வைத்திருந்தான்.

"அதான்டா நானும் சொல்றேன்," என்றார் கண்ணாயிரம். "அடி அண்ணாமலை வீட்டுல கக்கூஸை உடைச்சு வெச்சிருக்கான் அந்த பாய். இன்னிக்குக் காலி பண்றான். நீ வந்து இன்ஜினியர் மாதிரி பார்த்து ஒரு ரிப்போர்ட் சொல்லு. அட்வான்ஸ்ல ஒத்த ரூபா திரும்பப் போகக் கூடாது."

"உண்மை எதுவோ அதைத்தான் சொல்வேன் மாமா."

"அதான், அதைத்தான் சொல்லு." அவர் கவலைப்படவில்லை. தோசை அவருடையது.

காலை பத்தரை. கிரிவலப் பாதையை ஒட்டிய அந்தச் சின்ன வீட்டின் முன்னால் ஒரு குட்டியானை வண்டி நின்றது. பீரோ, கட்டில், தையல் மெஷின் எல்லாம் ஏறிவிட்டன. டிரைவர் ஸ்டியரிங் மேல் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். டவுனில் ஆட்டோவுக்கும் பைக்குக்கும் சீட் தைக்கும் பீர் முகம்மது வாசலில் நின்றிருந்தார்.

"சார், புது வீட்டுக்காரர் சாயங்காலத்துக்குள்ள அட்வான்ஸ் வந்தாத்தான் சாவின்னுட்டாரு. நீங்க குடுத்தாத்தான் நான் அங்க குடுக்க முடியும். இல்லன்னா பொண்டாட்டி புள்ளையோட ராத்திரி இந்த வண்டியிலதான்."

"இன்ஜினியர் பார்க்கட்டும் பாய்," என்றார் கண்ணாயிரம்.

பீர் முகம்மதின் முதுகு லேசாகக் குனிந்திருந்தது. அறிவு அதைத் தன் கொள்கைக்கு ஆதாரமாகக் குறித்துக்கொண்டான். மெத்தை தூக்கினாலும் முதுகு குனியும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை.

பிணம் கழிவறையில் கிடந்தது. வெள்ளைப் பீங்கான், இந்திய முறை. ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒரே விரிசல். சுற்றியிருந்த தரை ஒரு பக்கமாக அமிழ்ந்திருந்தது. விரிசலின் உள்விளிம்பு கருத்திருந்ததால் மரணம் நிகழ்ந்து சில மாதங்களாவது ஆகியிருக்க வேண்டும்.

"இரும்பைப் போட்டு உடைச்சிருக்காங்க," என்றார் கண்ணாயிரம். "தையல் மெஷின் கூட இருக்கலாம்."

"கக்கூஸ்ல யாரு சார் துணி தைப்பாங்க?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ரஹமத்துன்னிசா, பீர் முகம்மதின் மனைவி. கையில் விளக்குமாறு. "தானா விரிஞ்சுது. மூணு தடவை போன் பண்ணிச் சொன்னேன். பார்க்கலாம்னு சொன்னீங்க."

அறிவு உடனே தீர்ப்புச் சொல்லியிருக்கலாம். ஆனால் துப்பறிபவனுக்கு முதலில் சாதாரண அறைகளில் உலாவ வேண்டிய கடமை உண்டு. ஹாலுக்கு வந்தான்.

"வெயில் பட்டு மங்கின பெயின்ட், நடந்து மங்கின தரை, கை பட்டு அழுக்கான சுவிட்ச் போர்டு. இதெல்லாம் தேய்மானம். காலத்தோட வேலை. வாடகைக்காரங்க பொறுப்பில்ல," என்று சுவருக்குப் பாடம் எடுத்தான். "உடைச்சது, எரிச்சது, கிறுக்கினது, அதெல்லாம் சேதம்."

"அப்ப இது சேதம்," என்று ரஹமத்துன்னிசா அவளாகவே ஒரு மூலையைக் காட்டினாள். முழங்கால் உயரத்தில் மெழுகுக் கலர் குச்சியால் வரைந்த நீளமான ரயில் ஒன்று ஓடியது. "எங்க பொண்ணு அதீபா வேலை. சமையல் மேடையில குக்கர் சுட்ட வட்டம் ஒண்ணு இருக்கு. அது என் வேலை. எழுதிக்குங்க."

குற்றவாளிகள் தாமாக ஒப்புக்கொள்வது அறிவுக்குப் பிடிக்கவில்லை. துப்பறிபவனுக்கு அதில் மரியாதை இல்லை.

"கக்கூஸையும் ஒத்துக்கிட்டா வேலை முடிஞ்சிரும்."

"பண்ணாததை எப்படித் தம்பி ஒத்துக்கறது? நீங்க சி.பி.ஐ.யா?"

"சிவில்."

"வேற ஏதாவது பழுது இருந்துதா?" என்று அவனே தொடர்ந்தான், பேச்சை மாற்ற.

"டேங்கு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி போளூருக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவோம். அன்னிக்கு இந்தப் பாதையில வண்டி விட மாட்டாங்க, கூட்டம் ஜாஸ்தி, கொழந்தை தூங்காது. சார்தான் சொன்னாரு, போயிட்டு வாங்க, வீட்டை நான் பார்த்துக்கறேன்னு. நல்ல மனசு. ஆனா திரும்பி வந்தா டேங்குல சொட்டுத் தண்ணி இருக்காது. ப்ளம்பர் வந்து பார்த்துட்டுக் கசிவே இல்லன்னாரு."

கண்ணாயிரம் இருமினார். அறிவு அவரைப் பார்க்கவில்லை. மாமாவுக்கு நல்ல மனசு என்ற செய்தியை மூன்று வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டதில் கொஞ்சம் ஆடிப்போயிருந்தான்.

மறுபடி கழிவறை. இரண்டு கதவுகள். ஒன்று சமையலறையிலிருந்து வருவது. மற்றொன்று வீட்டுக்குப் பக்கவாட்டில் உள்ள சந்தில் திறப்பது.

"சந்துக் கதவு யாரு உபயோகிக்கிறது?"

"யாருமில்ல," என்றார் கண்ணாயிரம். "சுத்தம் பண்ண வர்றவங்களுக்காக வெச்சது. வீடு கட்டினப்பவே வெளியில பூட்டுப் போட்டுட்டேன். சாவி எங்க போச்சுன்னே தெரியல."

"எங்ககிட்டயும் சாவி குடுத்ததில்ல," என்றார் பீர் முகம்மது. "நாங்க வந்த நாள்லேந்து பூட்டித்தான் இருக்கு. நாங்க ஊருக்குப் போறப்ப சமையக்கட்டுக் கதவைச் சமையக்கட்டுப் பக்கமிருந்து பூட்டிட்டுப் போவோம்."

அறிவு சந்துக் கதவின் உள்தாழ்ப்பாளை விரலால் தள்ளினான். வெண்ணெய்போல ஓடியது. தாழ்ப்பாள் போய்வரும் வழியில் பச்சைப் பெயின்ட் உரிந்து இரும்பு பளபளத்தது.

பிறகு குனிந்து பீங்கானைப் பார்த்தான். விரிசலை அல்ல. கால் வைக்கும் இரண்டு மேடைகளை. வழுக்காமலிருக்க அவற்றில் வரிகள் இருக்கும். இங்கே இல்லை. பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறையில் தவிர வேறெங்கும் அவன் கண்டிராத வழவழப்பு.

"மாமா, வீடு புதுசா இருக்கும்போதுதான் இவங்க வந்தாங்க இல்ல?"

"ஆமா. முதல் குடித்தனமே இவங்கதான், மூணு வருஷமா. அப்பவே யோசிச்சிருக்கணும்."

அறிவு வெளியே போய்ச் சந்துக்குள் சுற்றினான். குப்பை, செங்கல், ஒரு பழைய ஸ்டூல், அதன்மேல் ஒரு பூனை. கதவுக்கு மேல் சுவரில் ஒரு பல்பு ஹோல்டர். பூட்டு பழையது, ஆனால் சாவித்துளையைச் சுற்றி எண்ணெய் பளபளத்தது.

"ஆளில்லாத சந்துக்கு லைட்டு எதுக்கு மாமா?"

"பாம்பு வரும்."

"பாம்புக்கு லைட்டா?"

"டேய், ரிப்போர்ட்டைச் சொல்லு. நேரமாகுது."

பன்னிரண்டு மணி. நாற்காலிகள் வண்டியில் ஏறிவிட்டதால் எல்லோரும் ஹாலில் நின்றார்கள். அறிவுக்கு விடை தெரிந்துவிட்டது. அதைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். ஆனால் பரீட்சை அறையில் பக்கத்துப் பையனுக்குத் தெரியாத விடை தனக்குத் தெரியும்போது உண்டாகும் அரிப்பு நியாய உணர்ச்சியைவிடப் பலமானது. அந்த அரிப்பில்தான் அவன் வாயைத் திறந்தான்.

"எல்லாரும் விரிசலையே பார்த்தீங்க. விரிசல் ஊமை. யாரு உடைச்சதுன்னு சொல்லாது. ஆனா தேய்மானம் பேசும். யாரு, எத்தனை தடவை, எந்தப் பக்கமிருந்து வந்தாங்கன்னு சொல்லும்."

"தேய்மானம் வாடகைக்காரர் பொறுப்பில்லன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் பீர் முகம்மது, கவலையோடு.

"இல்லதான் பாய். இது உங்க தேய்மானமே இல்ல." அறிவு மாமாவின் பக்கம் திரும்பினான். "மூணு பேர் இருக்கிற குடும்பம். அதுல ஒண்ணு குழந்தை. மூணு வருஷத்துல கால் மேடையில வரி அழியாது. அழியணும்னா ஒரு ஊரே வந்து உட்காரணும். சந்துக் கதவு வெளியில பூட்டியிருக்கு. அப்போ உள்ளே தாழ்ப்பாள் போட இவங்களுக்கு அவசியமே இல்ல. அந்தத் தாழ்ப்பாள் தேய்ஞ்சிருக்குன்னா, சந்து வழியா வந்தவங்க, வந்து கதவைச் சாத்தினவங்க, ஆயிரக்கணக்குல இருக்காங்க. பூட்டைத் திறந்து விட்டவர் ஒருத்தர்."

கண்ணாயிரம் வாசல் பக்கம் ஓரடி நகர்ந்தார்.

"இவங்க என்னிக்கு வீட்டுல இல்ல? பௌர்ணமி அன்னிக்கு. போகச் சொன்னது யாரு? நல்ல மனசுக்காரர். டேங்கு என்னிக்குக் காலி? அன்னிக்கேதான். லட்சம் பேர் ராத்திரி முழுக்க நடக்கிற பாதையில, எல்லாருக்கும் அவசரம். சந்துல ஒரு பல்பு, கதவு பக்கத்துல ஒரு ஸ்டூல். அத்தனை தண்ணி ஊத்தி ஊத்தி அடியில மண்ணு கரைஞ்சு தரை அமிழ்ந்துது. தரை அமிழ்ந்ததும் பீங்கான் செத்துது. மாமா, ஸ்கூட்டர் சாவிக்கொத்தைக் கொஞ்சம் குடுங்க."

"எதுக்கு?"

"தொலைஞ்ச சாவியைத் தேட."

கண்ணாயிரம் கொடுக்கவில்லை. ஆனால் அவர் கை தானாகச் சட்டைப்பையை மூடியது. அங்கே இருந்த எல்லோருக்கும் அதுவே போதுமானதாக இருந்தது.

"பாவம்டா, பக்தர்ங்க," என்றார் கடைசியில். குரலில் திடீரென்று விபூதி மணத்தது. "செருப்பில்லாம நடந்து வராங்க. அவசரம்னு நிக்கிறாங்க. இது ஒரு சேவை."

"தலைக்கு எவ்வளவு மாமா, சேவை?"

ரஹமத்துன்னிசா விளக்குமாற்றைக் கீழே வைத்தாள். "தண்ணி எங்களுது, மோட்டார் கரண்ட்டு எங்களுது. புண்ணியம் மட்டும் உங்களுதா சார்? அதுவும் போதாம பழியை எங்க தலையில கட்டறீங்களே. எதிர்ல டீக்கடையில உண்ணாமலை அக்கா ராத்திரி பூரா கடை வெச்சிருக்காங்க. கூப்பிட்டுக் கேக்கட்டுமா?"

கேட்க வேண்டியிருக்கவில்லை. கண்ணாயிரம் போனை எடுத்தார். பல் பிடுங்குபவன் எதிரில் வாய் திறப்பவரைப்போல அட்வான்ஸ் தொகையை ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார்.

"ரயிலுக்கும் குக்கர் வட்டத்துக்கும் உண்டானதைப் பிடிச்சுக்குங்க," என்றாள் ரஹமத்துன்னிசா. "அது நாங்க பண்ணது."

பீர் முகம்மதின் போன் ஒலித்தது. அவர் பார்த்தார், மனைவியிடம் காட்டினார், டிரைவரைத் தட்டி எழுப்பினார். வண்டி கிளம்பும்போது ரஹமத்துன்னிசா எட்டிப் பார்த்தாள்.

"நீங்க எங்க தம்பி இருக்கீங்க?"

"மாமா வீட்டு மாடியில."

அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். முகத்தில் பரிதாபம் இருந்தது. "அடடா," என்றாள். வண்டி போய்விட்டது.

கண்ணாயிரம் ஸ்கூட்டரில் தனியாகப் போனார். அறிவு நடந்தே வேங்கிக்கால் சேர்ந்தபோது அவனுடைய பெட்டியும் பாயும் கீழ்ப்படியில் இருந்தன. மேலே புதுப் பூட்டு. மாமி ஜன்னல் வழியாக இரண்டு தோசைகளைப் பொட்டலமாகக் கொடுத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினாள்.

சாயங்காலம் ஆறு மணி. கல்லூரிக்குப் பின்தெருவில் ஓர் ஒற்றை அறை. வீட்டுக்காரர் அப்பாசாமி விதிகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். சமைக்கக் கூடாது. நண்பர்கள் வரக் கூடாது. ஒன்பது மணிக்குமேல் லைட் கூடாது.

அறிவு சுவரைப் பார்த்தான். கூரையிலிருந்து ஜன்னல்வரை ஒரு விரிசல். விரல் நுழையும் அகலம். உள்ளே ஒட்டடை. குறைந்தது ஐந்து வருஷப் பழசு, அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியதால் வந்தது. காலி செய்யும் நாளில் இது யார் கணக்கில் எழுதப்படும் என்பதும் அவனுக்குத் தெரிந்தது.

"என்ன பார்க்கிறீங்க? ரூம் எப்படி இருக்கு?" என்றார் அப்பாசாமி.

அறிவு வாயைத் திறந்தான். கையிலிருந்த தோசைப் பொட்டலம் ஆறிப்போயிருந்தது. வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது.

"ரொம்ப நல்லா இருக்கு சார்," என்றான். சாவியை வாங்க இரண்டு கைகளையும் நீட்டியபோது, தலை தொங்கும் அளவுக்குக் குனிந்தான்.