படையலுக்கு வைத்த பீங்கான் கோப்பை

புயல் என் தகரக் கூரையைத் தூக்கிக்கொண்டு போன மறுவாரம், துணி மூட்டையோடு சேன் பியேர் ஊரில் வீரசாமி அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். அது 1960, மொரீஷியஸ் தீவு. கருங்கல் சுவர், ஒரு ஜன்னல்கூடப் பெயரவில்லை. கரும்புத் தோட்டத்துக் கங்காணி, சர்தார் வீடென்றால் புயலும் மரியாதை கொடுக்கும்போல.

கூடத்து அலமாரியில் ஆறு இங்கிலீஷ் பீங்கான் கோப்பைகள். கையால் வரைந்த ரோஜா, விளிம்பில் தங்கக் கோடு, அடியில் அதே பூப்போட்ட தட்டு. தோட்டத்துத் துரை கப்பலேறும்போது ஏலத்தில் எடுத்ததாக அண்ணன் சொல்லுவான். யாரும் அதில் குடித்ததில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்றாம் நாள் என் புருஷன் பொன்னுசாமிக்குத் திவசம். பதினேழு வருஷத்துக்கு முன் வேலைநிறுத்தம் நடத்திவிட்டுக் கரும்புக்காட்டில் ஒளிந்திருந்தவரைத் துரையின் ஆட்கள் நேராகப் போய்ச் சுட்டார்கள். அந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது யார்? அந்தக் கேள்வியோடுதான் நான் படுப்பதும் எழுவதும். கண்டுபிடிக்காமல் விடமாட்டேன் என்று அன்று என் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தவன் அண்ணன். நம்பினேன்.

டீ இல்லாமல் அவருக்குப் படையல் கிடையாது. வழக்கமாக வைக்கும் தகரக் குவளையும் புயலோடு போயிற்று. முறிந்த கரும்பைப் பார்க்க அண்ணன் தோட்டத்துக்குப் போயிருந்தான். பாக்கியம் அண்ணி அலமாரியைத் திறந்து ஒரே ஒரு கோப்பையைத் தட்டோடு தந்துவிட்டு, பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"உடைச்சிடாத கோவிந்தம்மா. உங்கண்ணன் என்னைக் கொன்னுடுவாரு."

இலை போட்டு, சோறும் கறியும் வைத்து, டீயை ஊற்றினேன். செத்தவர் வந்து சாப்பிடட்டும் என்று வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டு இருவரும் வெளியே நின்றோம். உச்சி வெயில். காற்றில் கரும்பு அழுகிய வாடை.

க்ளிங்.

கோப்பையைத் தட்டில் வைக்கும் சத்தம்.

அண்ணி என் கையைப் பிடித்தாள். உள்ளே யாரும் இல்லை.

பிறகு டீ ஊற்றும் சத்தம். நிதானமாக, நிறைய.

அப்போதுதான் அண்ணன் வந்தான்.

"கதவு ஏன் சாத்தியிருக்கு?"

"அவருக்குப் படையல். உன் கோப்பையில டீ வச்சிருக்கேன்," என்றேன்.

அவன் முகம் வெளிறிப்போயிற்று.

"பொந்தியே, கடவுளே! அந்தக் கோப்பையிலயா? அவனுக்கா?"

"ஏண்ணே?"

அவன் கதவைப் பார்த்தே பேசினான். என்னோடு அல்ல, உள்ளே இருப்பவரோடு.

"துரை நாற்காலி போட்டாரு, மாப்ளே. தன் கையாலயே டீ ஊத்திக் கொடுத்தாரு. அந்த மாதிரிக் கோப்பையில அதுக்கு முன்னால யாரு நமக்குக் கொடுத்தா? பாதி குடிக்கிறதுக்குள்ள சொல்லிட்டேன். ஆறையும் அப்புறம் அனுப்பிவச்சாரு. நான் கேக்கல."

என் கூடப் பிறந்தவன். ஒரு கோப்பை டீக்கு. பதினேழு பொங்கல் அவன் வீட்டுக்கு வந்து, அவன் கையால் சேலை வாங்கிக் கட்டியிருக்கிறேன்.

வழக்கப்படி மூன்று முறை தட்டிவிட்டுக் கதவைத் திறந்தேன்.

சோறு வைத்தபடியே இருந்தது. அவர் கோப்பை காலி. இலைக்கு எதிரே நாங்கள் போடாத மணை ஒன்று கிடந்தது. அதன் முன்னால் இன்னொரு ரோஜாக் கோப்பை, விளிம்புவரை டீ, ஆவி பறந்துகொண்டிருந்தது.

அண்ணி இடுப்பைத் தடவினாள். சாவி அங்கேயே இருந்தது.

நான் ஒதுங்கி வழிவிட்டேன்.

"போண்ணே," என்றேன். "உனக்குத்தான் ஊத்தி வச்சிருக்காரு."